தபாலில் போன எச்சரிக்கை

நேற்று நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மரியாதைக்காகக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், வக்கீல் ஐயா. நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அது சரியில்லை. அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். நாளைக்கு விசாரணைக் கமிஷனில் படித்துக் காட்டினாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

என் பெயர் அமிர்தநாதன். தனிப்பிரிவு ஏட்டு. மண்ணூர், வல்லக்கோட்டை, ஒரகடம் பக்கத்து ஊர்களில் யார் என்ன பேசுகிறார்கள், யார் எங்கே கூடுகிறார்கள் என்று காதில் வாங்கி மேலிடத்துக்கு எழுதுவது பதினோரு வருடமாக என் உத்தியோகம். சீருடை கிடையாது, சைக்கிள் உண்டு. டீக்கடை பெஞ்சில் நான் போய் உட்கார்ந்த மறுநிமிடம் பேச்சு மழைக்கும் நெல்லுக்கும் தாவிவிடும். அவ்வளவு ரகசியமான உத்தியோகம்.

வாரம் ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதினால் ஊரைச் சுற்றாமல் தூங்குகிறாயா என்று மெமோ வரும். அதற்காகவே ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். ‘சந்தேகத்துக்கிடமான நபர்களின் நடமாட்டம் காணப்படுகிறது, விழிப்புடன் இருத்தல் நலம்.’ ஒன்றும் கிடைக்காத வாரங்களில் அதை எழுதுவேன். ஒவ்வொரு ஏட்டும் இப்படி ஒன்று வைத்திருப்பான். படிக்கிறவர்களுக்கும் அது தெரியும். ‘பார்த்தேன், கோப்பில் வைக்கவும்’ என்று எழுதி மூடிவிடுவார்கள்.

டி.எஸ்.பி. சுப்பிரமணி ஒருமுறை மாதாந்திரக் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். “யோவ் ஏட்டு, உன் ஏரியாவுல நடமாடாத ஆளு ஒருத்தனாவது கீறானாய்யா?” என்று கேட்டார். நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் 1979-இல் நான் உண்மையாகவே ஒன்று எழுதினேன். ஏரித் தண்ணீர்த் தகராறு முற்றிவிட்டது, திருவிழாவன்று தீ வைக்கப் போகிறார்கள் என்று பெயர் பெயராக எழுதினேன். யாரும் அசையவில்லை. சொன்ன நாளில் பதினாறு வீடுகள் எரிந்தன. பிறகு எனக்குத்தான் மெமோ வந்தது, முன்கூட்டியே தகவல் தராதது ஏன் என்று. நான் அனுப்பிய அறிக்கை ஆபீசில் காணாமல் போயிருந்தது. மூன்று மாதம் என்னை சஸ்பெண்டில் வைத்தார்கள். என் மனைவி சகாயமேரி அந்த மூன்று மாதமும் கோயிலுக்குப் போகும்போது முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. அதற்குப் பிறகு கார்பன் வைக்காமல் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

அந்தக் கார்பன் நகல்களில் ஒன்றைத்தான் இப்போது நாடே பார்க்கிறது. 1986 தை மாதத்துப் புதன்கிழமை, புதுத் தொழிற்சாலைக்கு மந்திரி அடிக்கல் நாட்டவிருந்த பந்தலில் குண்டு வெடித்து ஏழு பேர் செத்தார்கள். நான்கு நாள் முந்தைய தேதியில் என் நகல் இருக்கிறது. சட்டசபையில் அதை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார்கள். எச்சரிக்கை வந்ததா இல்லையா, வந்தும் மந்திரி ஏன் மதிக்கவில்லை என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். டி.எஸ்.பி. சுப்பிரமணிக்கு வேலை போய்விட்டது. இப்போது வீட்டில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாராம்.

டீக்கடை எல்லப்பன் எனக்கு இப்போதெல்லாம் எழுந்து நின்று டீ கொடுக்கிறான். “ஒரு ஏட்டுக்குத் தெரிஞ்சது மந்திரிக்குத் தெரியலன்னா இன்னா கவுர்மெண்டு சார் இது?” என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான். பெஞ்சில் இருக்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் வந்தால் இப்போது யாரும் பேச்சை மாற்றுவதில்லை.

நேற்று நீங்கள் கேட்டதுதான் இரண்டு வருடத்தில் யாருமே கேட்காத கேள்வி. “ஏன் வயர்லெஸ்ஸில் சொல்லவில்லை?”

எங்கள் இலாகாவில் அவசரம் என்றால் முதலில் வயர்லெஸ்ஸில் சொல்லுவோம். காகிதம் பின்னால் போகும். வெறும் காகிதம் மட்டும் தபாலில் வந்தால் அவசரமில்லை, வியாழக்கிழமை மற்ற கட்டோடு சேர்த்துப் பார்த்தால் போதும் என்று அர்த்தம். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. டி.எஸ்.பி. முதல் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற சென்ட்ரிவரை எல்லோருக்கும் தெரியும். சட்டசபைக்குத்தான் தெரியாது.

வயர்லெஸ் அன்றைக்கு ரிப்பேர் என்று நான் சொல்லியிருக்கலாம். அது ரிப்பேர் இல்லை. என் மேஜையிலிருந்து எட்டடி தூரத்தில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

எனக்குத் தகவல் கொடுத்தவள் கிளியம்மாள். வல்லக்கோட்டைக்காரி, கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். சனிக்கிழமை காலை ஸ்டேஷன் பின்பக்கக் கிணற்றடியில் வந்து நின்றாள்.

“குவாரில வெடிப் பொட்டி ஒண்ணு காணோம் சார். முழுப் பொட்டி. மொதலாளி வெளிய சொல்லாதீங்கன்னு வாய அடைச்சிட்டாரு. எங்க வூட்டாண்ட குடியிருக்கிற மூணு பேரு, நெலத்த எடுக்காதன்னு நோட்டீஸ் ஒட்டிக்கினு திரிவானுங்களே, அவனுங்கதான் எடுத்துக்கினு போயிருக்கானுங்க. பந்தல் போடுற எடத்துல மேடைக்கு அடியில பள்ளம் தோண்டிக்கினு இருந்தானுங்க. நானே பார்த்தேன் சார்.”

மூன்று பெயர்களையும் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“எம் பொண்ணு அம்சவல்லி புதன்கெழம அங்க பாட்டுப் பாடப் போவுது. டீச்சரு பேரு குடுத்துட்டாங்க. அனுப்பட்டுமா வேணாவா சார்?”

இந்த இடத்தில் நான் யோசித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவசரப்பட்டுச் செய்தது எதுவும் இல்லை. இவள் பெண்ணை நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரி ஏன் என்று கேட்பாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். விழா நிற்கும். மேடைக்கு அடியில் தோண்டுவார்கள், பெட்டி கிடைக்கும், டி.எஸ்.பி. சுப்பிரமணி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். என் அறிக்கை எந்தக் கோப்புக்குள் போனது என்று கடைசிவரை தெரியாது.

“தாராளமா அனுப்பும்மா. நான் மேல சொல்லிக்கிறேன். போலீஸ்காரங்க அங்கதான் இருப்பாங்க. நீ யாராண்டயும் மூச்சு விடாத, அவனுங்க உஷாராயிடுவானுங்க” என்றேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். ‘சந்தேகத்துக்கிடமான நபர்களின் நடமாட்டம் காணப்படுகிறது, விழிப்புடன் இருத்தல் நலம்.’ அதே வாக்கியம். கீழே இன்னும் ஒரு வரி மட்டும் சேர்த்தேன். ‘எதிர்வரும் அடிக்கல் நாட்டு விழாவில் வெடிபொருள் பயன்படுத்தப்படவும் கூடும்.’ மூன்று பெயர்களை எழுதவில்லை. பள்ளத்தை எழுதவில்லை. குவாரியை எழுதவில்லை. விழாவுக்கு முன்னால் படிக்கிறவன் மூடி வைக்க வேண்டும், பின்னால் படிக்கிறவன் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அப்படி எழுதுவது சுலபமில்லை. நான்கு முறை திருத்தினேன். பிறகு ஸ்டாம்பு ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.

சாவு வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை என்று சொல்லத்தான் நேற்று வாயெடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு குச்சி வெடி லாரி அளவு பாறையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவள் முழுப் பெட்டி என்று சொன்னாள்.

மந்திரி எப்போதும்போல முக்கால் மணி நேரம் தாமதம்; வெடித்தபோது அவர் வந்துசேரவில்லை. எந்த விழாவுக்கும் அவர் நேரத்துக்கு வந்ததில்லை என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். வரவேற்புப் பாட்டுப் பாடுகிற பிள்ளைகளைத்தான் டீச்சர் ஒன்பது மணிக்கே மேடையோரம் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். அம்சவல்லி மூன்றாவதாக நின்றாள், நீல ரிப்பன். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றேன். கார்பன் நகல் சட்டைப் பையில் இருந்தது. காலையில் கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொண்டேன்.

கிளியம்மாள் நாளைக்கும் கமிஷனுக்கு வருவாள். ஒவ்வொரு அமர்வுக்கும் வருகிறாள், முன்வரிசையில் உட்காருகிறாள். போன மாதம் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ ஒருத்தன்தான் சார் எம் பேச்ச நம்பி மேல எழுதுன. அந்தப் பெரிய மனுசனுங்கதான் காதுல போட்டுக்கல. எம் பொண்ண அவனுங்கதான் கொன்னானுங்க” என்றாள். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அழுது முடிக்கட்டும் என்று நின்றேன்.

நீங்கள் அவளுக்காக வாதாடுகிறவர். இதை அவளுக்குப் படித்துக் காட்டுவதா என்பது உங்கள் இஷ்டம். ஏழு பேரும் என்னால்தான் செத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் கமிஷன் தன் முடிவை எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். என் அறிக்கையில் ஒரு தவறும் இல்லை. நான் எழுதியது எழுதியபடியே நடந்தது.