ஏழாவது ஆள்

டீ ஆறிவிட்டால் என்னால் குடிக்க முடியாது. எங்கள் சட்டமன்றத்தில் குழு அறை மூன்றாம் மாடியில், கேன்டீன் கீழ்த்தளத்தில். லிஃப்டில் ஏறி வருவதற்குள் டீ பச்சைத் தண்ணீராகிவிடும். அதனால் நானே இறங்கிப் போய்க் குடிப்பேன். வக்கீல் சார், இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழுவில் நாங்கள் பன்னிரண்டு பேர். ஏழு பேர் இருந்தால்தான் ஓட்டெடுப்பு செல்லும். தவறாமல் வருவதும் அந்த ஏழு பேர்தான், மற்றவர்கள் பெயருக்கு உறுப்பினர்கள். குழுத் தலைவர் முன்னாள் கணக்கு வாத்தியார். ஓட்டெடுப்புக்கு முன் பென்சில் முனையால் தலைகளை எண்ணுவார். ஆறு என்று வந்தால் அன்றைக்கு ஃபைலைக் கட்டிவிடுவார். நேர்மையான மனிதர். அவருடைய நேர்மைதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

மசோதா நான்கே பக்கம். மெஷினில் விழும் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு காகிதச் சீட்டு அச்சாகிப் பெட்டிக்குள் சேர வேண்டும். சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இதை எதிர்த்து எவன் வாய் திறப்பான்? நானும் திறக்கவில்லை. தலைவர் பென்சிலைக் கையில் எடுத்ததும் எழுந்து டீ குடிக்கப் போனேன், அவ்வளவுதான். ஐந்து கூட்டம், ஐந்து டீ. சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்தது, மசோதா காலாவதியானது.

நாலாவது கூட்டத்துக்குச் சாட்சி சொல்ல என் தங்கை வந்திருந்தாள். டீச்சர், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடி அதிகாரியாகப் போகிறவள். நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணா, மெஷின் தப்பாக் காட்டினா ஜனங்க எங்க சட்டையைத்தான் பிடிப்பாங்க. அப்ப நாங்க எதை எடுத்துக் காட்டுறது?"

"இந்த வாட்டி எப்படியும் நிறைவேத்திடுவோம் பாப்பா" என்றேன். நம்பினாள். கூசாமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அன்று டீ தொண்டையில் இறங்கவே இல்லை.

அடுத்து வந்த தேர்தலில், அண்ணன் நிற்கும் தொகுதியில் எனக்கு வேலை வேண்டாம் என்று அவள் எழுதிக்கூடக் கொடுத்தாள். ஆள் பற்றாக்குறை, அங்கேயே போட்டுவிட்டார்கள். அவள் சாவடியில் கையெழுத்துப் போட்டவர்கள் எழுநூற்றுப் பன்னிரண்டு பேர். மெஷின் காட்டியது எண்ணூற்று அறுபது. கூடுதலாக வந்ததெல்லாம் எனக்கு விழுந்திருந்தது. தொண்ணூறு ஓட்டில் ஜெயித்தேன்.

அண்ணனுக்காகத் தங்கச்சி அமுக்கிவிட்டாள், நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. எண்ணிக் காட்ட அவளிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எட்டு வருடம் ஜெயில் போட்டார்கள்.

மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். போன முறை கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கே ஆறுதல் சொன்னாள். "நீ அந்த மசோதாவுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பே, உன் கையில என்ன இருக்கு?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைப் படியுங்கள். மெஷின்களைப் பழுது பார்த்த டெக்னீஷியன், குழு உறுப்பினர் என்று எனக்கு எழுதியது. ஆள் இப்போது உயிரோடு இல்லை. மின்சாரம் போய்ப் போய் வந்தால் பட்டியலில் முதலில் இருக்கும் பெயருக்கு ஓட்டு தானாகக் கூடுகிறது, போன தேர்தலிலும் கூடியது என்கிறார். அகர வரிசையில் முதல் பெயர் என்னுடையது. தேதியைப் பாருங்கள், குழுவின் முதல் கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு. அன்றே படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். விசாரணை நடந்த பதினான்கு மாதமும் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை பாப்பாவின் அப்பீல் என்கிறீர்கள். கையெழுத்துப் போடாத வாக்குமூலம் செல்லாது என்று எனக்கும் தெரியும். போட்டால் அன்றே பதவி போய்விடும். இன்னும் இரண்டே வருடம்தான் சார், காலம் முடிந்ததும் நானே வந்து போட்டுக் கொடுக்கிறேன். கடிதத்தைக் கொடுங்கள், அதுவரை என்னிடம் பத்திரமாக இருக்கட்டும். பாப்பாவைப் பார்த்தால், அண்ணன் மனசாட்சிக்குப் பயந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று மட்டும் சொல்லுங்கள்.