கோப்பில் கிடங்கு

உங்கள் அறையில் இரண்டு கதவுகள் இருக்கின்றன, ஐயா. உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தேன். அலெக்ஸாண்ட்ரியாவில் இருபத்திரண்டு வருடம் தீப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்தவனுக்கு எங்கே போனாலும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஹாஜ் ஷெஹாத்தாவின் மெத்தைப் பட்டறைக்கு ஒரே கதவு. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. ஏனென்றால் கோப்பில் அது கிடங்கு. கிடங்கு என்றால் ஆள் புழங்காத இடம், ஒரு கதவு போதும். ஆனால் உள்ளே பத்தொன்பது பெண்கள் ஃபோம் மெத்தைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்கூடம் என்று வகையை மாற்றுங்கள், இன்னொரு கதவு வைக்கச் சொல்லுங்கள் என்று மூன்று வருடத்தில் ஏழு அறிக்கை எழுதினேன்.

ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு குழு வரும். வருவதற்கு ஒரு வாரம் முன்பே உரிமையாளருக்குக் கடிதம் போய்விடும், அது எங்கள் அலுவலக வழக்கம். அன்றைக்கு ஹாஜ் பெண்களுக்கு விடுமுறை கொடுத்துவிடுவார். தையல் மெஷின்களை மெத்தைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு எங்களுக்குப் புதினா டீ கொடுப்பார். என் மேலதிகாரி முனீர் மெத்தை மேல் சாய்ந்துகொண்டு கேட்பார்:

"எங்கய்யா ஆளு? மெத்தையே மெத்தைக்கு உறை தச்சுக்குதா? இல்லாத ஆளு எப்படிய்யா சாவான்?"

குழுவே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழு தடவையும் அதே டீ, அதே சிரிப்பு.

குழு இல்லாமல் நான் தனியாகப் போகும் நாட்களில் அங்கே இன்ஷிராஹ் ஒருத்திதான் என்னிடம் பேசுவாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து தைப்பவள்.

"நீங்க எழுதினா எங்க வேலை போயிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதலைன்னா உசிரு போயிடும். எதை முதல்ல அனுப்பப் போறீங்க?" என்றாள் நூலைப் பல்லால் கடித்தபடி.

"கதவு வெச்சுத் தர்றேன்மா."

"ஆமா, உங்க கதவு வர்றதுக்குள்ள என் மக பேத்தி எடுத்துடுவா."

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? கடிதம் போடாமல் வருவது தீ ஒன்றுதான் என்று தோன்றியது.

முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் நினைத்தேன். அன்று விடுமுறை, யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள், காலிக் கட்டடம் எரிந்தால் முனீர் என்ன எழுதுவார்? கிடங்கு எரிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. கோப்பில் இருப்பதே சரி என்றாகிவிடும்.

அதனால் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். காலை எட்டு மணிக்கே எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பத்தொன்பது பேரும் உள்ளே போகிறார்களா என்று எண்ணினேன். பசை டின்கள் அந்த ஒரே கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதையும் நான்காவது அறிக்கையில் எழுதியிருக்கிறேன், ஒருவரும் படிக்கவில்லை. பதினொரு மணிக்கு அங்கேதான் தீ வைத்தேன்.

முன் வரிசையில் இருந்த ஐந்து பேர் வெளியே ஓடிவந்தார்கள். மீதிப் பதினான்கு பேரால் முடியவில்லை. என் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், பதினான்கு என்றுதான் நானும் கணக்கிட்டிருந்தேன்.

நேற்று முனீர் கோப்பைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். தொழிற்கூடம், இரண்டு கதவு கட்டாயம். இன்ஷிராஹ் இருந்திருந்தால் எனக்கு நன்றி சொல்லியிருப்பாள்.