நாலு விரல் இடைவெளி

15 மார்ச் 2025, சனிக்கிழமை இரவு.

முதலில் ஒரு திருத்தம். போன வாரப் பக்கத்தில் எங்கள் எஞ்சினை நேரோ கேஜ் என்று எழுதியிருக்கிறேன். அது மீட்டர் கேஜ். மாலை வகுப்பில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவள் இப்படி எழுதக்கூடாது. எஞ்சின் குழுவை நடத்தும் பஞ்சநதம் சார் பார்த்தால், "தண்டவாளத்த ஒரு தடவ அளந்துட்டு வாம்மா" என்பார். அடித்துத் திருத்திவிட்டேன்.

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும். வரிசை மாறினால் நாளைக்கு நானே இதை நம்ப மாட்டேன்.

திருவாரூர் சாலையில் மூடிக் கிடக்கும் அரவை மில்லின் தகரக் கொட்டகையில்தான் எஞ்சின் நிற்கிறது. சனி, ஞாயிறுகளில் கூடி, துரு சுரண்டி, குழாய் மாற்றி, மூன்று வருடமாக நாங்கள் சேர்த்துக்கொண்டு வந்த நீராவி எஞ்சின். அடுத்த ஞாயிறு முதல் தடவையாக நெருப்பு வைக்கிறோம். எஞ்சின் மேடையில் நின்று கரி போடப்போவது பஞ்சநதம் சார். அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கரி எரியும் இரும்பு அறையை ஃபயர்பாக்ஸ் என்கிறோம். அதைச் சுற்றி இன்னொரு இரும்புச் சுவர். இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதில்தான் பாய்லர் தண்ணீர் நிற்கும். இரண்டு சுவரையும் பிடித்துக்கொண்டிருப்பவை ஸ்டே போல்ட்டுகள். பக்கம் பக்கமாகச் சில போல்ட்டுகள் முறிந்திருந்து, அது தெரியாமல் நீராவி ஏற்றினால் உள்சுவர் பிதுங்கிக் கிழியும். மேடையில் நிற்கிற ஆள் பிழைக்க மாட்டார்.

அதனால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். ஒருவர் ஃபயர்பாக்ஸுக்குள் உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவார். மற்றவர் வெளியே, அதே போல்ட்டின் மறுமுனையில் உள்ளங்கையை வைத்திருப்பார். அதிர்வு கைக்கு வந்தால் வெளியே இருந்து ஒரு தட்டு: நல்ல போல்ட், அடுத்ததற்குப் போ. வராவிட்டால் இரண்டு தட்டு: முறிந்தது. நல்லதோ முறிந்ததோ, வெளியே இருப்பவர் சாக்குக்கட்டியால் குறி போடுவார். உள்ளே இருப்பவருக்குப் பேச்சு கேட்காது. தட்டல் மட்டும்தான்.

இன்று வலது சுவர், குழுத்தோழி வானதியோடு. உள்ளே நான், வெளியே வானதி. எனக்கு வந்த பதில் எல்லாம் ஒரே தட்டுதான். சாயங்காலம் கோடை இடி உருண்டது. புழுக்கம் தாங்காமல் வெளியே வந்து, பின்பக்கப் பம்பில் முகம் கழுவினேன். மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போயிற்று.

கொட்டகையில் மாட்டிக்கொண்டவர்கள் எமர்ஜென்சி லைட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். தகரத்தில் மழை. ஈர உமியின் வாடை. அதிராம்பட்டினத்திலிருந்து வரும் சுஹைப் அண்ணன், மோட்டார் காயில் கட்டுகிறவர், தொண்டையைச் செருமினார்.

"என் கூட்டாளியோட மச்சானுக்கு நடந்தது ஒன்னு இருக்கு. சொல்லவா?"

"மழைக்கு ஒதுங்குன ஆளுங்களுக்கு சுக்குக் காபி குடுப்பா. பேய குடுக்காத" என்றார் பஞ்சநதம் சார்.

"அண்ணே, நான் ஸ்கூட்டில வாய்க்கா ரோட்டு வழியா போகணும்" என்றாள் வானதி.

"இது ராத்திரிப் பேய் இல்ல தங்கச்சி. பகல்ல வந்தது."

அவர் சொன்னதை என்னால் முடிந்த வரை அப்படியே எழுதுகிறேன்.

பகல் பன்னிரண்டரை மணி. பங்குனி வெயில். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு மண் ரோடு... ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு பக்கம் வறண்ட வாய்க்கால். மறுபக்கம் உளுந்து பிடுங்கி வெறுமையாய்க் கிடக்கும் வயல். கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. காக்கைகூட இல்லை. அந்த ரோடு முடிகிற இடத்தில் ஒரு பழைய சரக்குக் கொட்டகை. அதற்குள் ஓர் எஞ்சின்.

மச்சான் பெயர் அரசப்பன். அவரும் அவருடைய நண்பன் சாமிதுரையும் நம்மைப் போலவே லீவு நாளில் அந்த எஞ்சினைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு இதே வேலை. அரசப்பன் உள்ளே. சாமிதுரை வெளியே.

தட்டினார். ஒரு தட்டு வந்தது. அடுத்தது. ஒரு தட்டு. அடுத்தது...

வேலை சுருக்காக நடந்தது. சாமிதுரைக்கு இன்றைக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தார். பதில் ரொம்பச் சீக்கிரம் வருகிறது. தட்டிய சுத்தியலைப் போல்ட்டிலிருந்து எடுப்பதற்குள் வருகிறது. பிறகு... சுத்தியல் படுகிற அதே நொடியில் வருகிறது.

வாடை வேறு. குளத்தைத் தூர் வாரும்போது வருமே, அந்தச் சேற்று வாடை. அந்த பாய்லரில் தண்ணீர் நின்று எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

சுவர் முடிந்தது. ஒன்றுகூட முறியவில்லை. சந்தோஷம்தான். சுத்தியலைக் கீழே வைத்தார்.

ஒரு தட்டு வந்தது.

சும்மா இருந்தார். இன்னொன்று வந்தது. அடுத்தது எங்கே என்று கேட்கிற மாதிரி.

தலையை வெளியே நீட்டி, "டேய் போதும்டா" என்று கத்தினார். சத்தம் இல்லை. இறங்கிச் சுற்றி வந்து பார்த்தார். சுவரோரம் யாரும் இல்லை. வாசலில் சாமிதுரையின் பைக் இல்லை. ரோட்டைப் பார்த்தார்... வெயில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெகு நேரம் கழித்துத் தூரத்தில் புழுதி. சாமிதுரை தண்ணி கேனோடு வந்தான்.

"எங்கடா போன?"

"நீ உள்ள போனதும் தண்ணி இல்லன்னு கெளம்பினேன். சொல்லிட்டுத்தான போனேன். நடுவுல பஞ்சர் வேற. ஏன், ஒக்காந்து தூங்குனியா?"

சொன்னது உள்ளே கேட்டிருக்காது. வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரை இறக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். அந்த ஒரு முறையைத்தான் சாமிதுரை விட்டுவிட்டான்.

மறுபடி தட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை சாமிதுரையின் கை வெளியே. சுவரின் நடுவே, கைக்குட்டையை விரித்துப் போட்டால் மூடும் அளவு இடம். அதில் ஒரு போல்ட்டிலும் உயிர் இல்லை. இரண்டு தட்டு... இரண்டு தட்டு... இரண்டு தட்டு. நல்லது, நல்லது என்று முன்னால் பதில் வந்த இடம் அது.

பாய்லரைக் கழுவுகிற துளையைத் திறந்து, செல்ஃபோனைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டார்கள். நாலு விரல் இடைவெளி. பூனைகூட நுழையாது. உள்ளே எல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு. ஆனால் ஒவ்வொரு போல்ட்டின் பக்கத்திலும் வட்டமாக, விரல் முட்டி அளவுக்கு, படிவு தேய்ந்து இரும்பு பளபளத்தது.

"அவ்ளோதான்" என்றார் சுஹைப் அண்ணன். "அந்த எஞ்சின் இன்னும் அங்கதான் நிக்குது. நெருப்பு வெக்கல."

மழை குறைந்திருந்தது. பஞ்சநதம் சார்தான் முதலில் சிரித்தார்.

"நல்லவேளை, நம்ம வானதி நம்பகமான ஆளு. வலது பக்கம் முடிஞ்சுதுல்லம்மா?"

"முடிஞ்சிருச்சு சார். எல்லாம் நல்லதுதான்" என்றாள் வானதி.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவள் சொன்னதில் ஏதோ இடித்தது. ஆனால் நான்தான் கணக்குத் தவறியிருப்பேன் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வானதியின் ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாப் வரை வந்தேன். இறங்கிய பிறகு கேட்டுவிட்டேன்.

"வானதி, நீ எங்கயாவது எழுந்து போனியா? ஃபோன் கீன் வந்துச்சா?"

"ஏன்டி, சுஹைப் அண்ணன் கதைய கேட்டு பயந்துட்டியா? ஒரு நிமிஷம்கூட நகரல. மேல் வரிசை முடியற வரைக்கும் அங்கயேதான் நின்னேன்."

"மேல் வரிசையா?"

"ஆமா. இடி இடிக்க ஆரம்பிச்சப்பறம் பண்ணியே, அதான். மழை வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு வேகமா தட்டுனல்ல?"

மேல் வரிசை என் தலைக்கு மேல் இருக்கிறது. குறுக்கே பலகை போட்டு ஏறி நின்றால்தான் எட்டும். நாளைக்குச் செய்யலாம் என்று பலகையை உள்ளே எடுத்துப் போகவே இல்லை. இடி இடித்தபோது நான் பம்படியில் இருந்தேன். அதைச் சொன்னேன்.

வானதி வண்டியை அணைத்தாள். ரோட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. தவளைச் சத்தம் மட்டும்.

"வெளையாடாத கயலு."

"சத்தியமா."

அவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மேல் வரிசை நடுவுல ஒரு தடவ கவனம் தப்பி, ரெண்டு போல்ட்ட தாண்டி கைய வெச்சுட்டேன். நீ தட்டப்போறது வேற எடத்துல, கைய மாத்தணும்னு நெனச்சேன். அதுக்குள்ள அங்கயே வந்துச்சு. அப்பறம் வேணும்னே வரிசைய விட்டு மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தேன், உன்ன கலாய்க்கலாம்னு. நான் எங்க கை வெச்சாலும்... என் கைக்கு நேரா வந்துச்சு. எப்டிடி கண்டுபிடிக்கிறன்னு உன்ன கேக்கணும்னு இருந்தேன்."

பஸ் வந்தது. அவளைத் தனியாக விட்டு ஏற மனமில்லை. அவளுடைய அண்ணன் வரும் வரை இருவரும் ஸ்டாப் விளக்கின் கீழ் நின்றோம். அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சநதம் சாருக்கு ஃபோன் செய்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மேல் வரிசையை யாரும் தட்டவில்லை, அங்கே போட்டிருக்கும் குறி எதையும் நம்ப முடியாது என்பதை மட்டும் முதலில் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். சிரிக்கவில்லை.

"யாரு தட்டுனா எனக்கென்னம்மா. போல்ட் நல்லதா இல்லையான்னு தெரியாம நான் கரி போட முடியாதுல்ல" என்றார். குரல் வழக்கம்போல இல்லை. "வேற ஆள உள்ள அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. என் சுவர், அவ்வளவுதான்.

நாளை: வலது சுவர், மேல் வரிசை, முதல் போல்ட்டிலிருந்து. இன்றைய குறிகளை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். பலகை எடுத்துப்போக வேண்டும். உள்ளே நான், வெளியே வானதி. பதில் தட்டு கிடையாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் வானதி மேடைக்கு ஏறி, ஃபயர்பாக்ஸ் கதவருகே முகம் காட்டி, வாயால் சொல்ல வேண்டும். நான் தட்டாதபோது ஏதாவது கைக்கு வந்தால் அதையும் சொல்ல வேண்டும்.