ரெண்டு ஆட்டினுக்கு ஒரு டபுள்

ஹலோ... ஸ்டுடியோதான்... யாரு, மாப்ளையா. அடடா, சாம்பியனே கூப்பிடறீங்க, என் பாக்கியம்... சேச்சே, கோபமெல்லாம் இல்ல. உங்கக்காவைக் கேளு, காலையிலேர்ந்து சிரிச்சுக்கிட்டேதான் இருக்கேன்... என்னமோ கேக்கணுமா? அப்புறம் கேளு. முதல்ல நான் கேக்கறேன்.

இரு... சார், அந்த ஸ்டூல்ல உக்காருங்க. பாஸ்போர்ட் சைஸ்தானே? கண்ணாடியைக் கழட்டிடுங்க... உன்கிட்ட இல்ல மாப்ளே. நீ போட்டுக்கோ. அப்பவாவது சீட்டு தெரியுதான்னு பாப்போம்.

நேத்து கிளப்ல பிரிட்ஜ் ஆடறப்ப நான் என்ன சொல்லி ஆரம்பிச்சேன்?... ஆமா, ஒரு நோ ட்ரம்ப். துருப்பே வேணாம், நாலு வகையிலயும் சீட்டு இருக்கு, கை பலமா இருக்குன்னு சொல்லிட்டேன். ஆச்சா. மருந்துக்கடைக்காரர் நடுவுல மூக்கை நுழைச்சு ரெண்டு ஆட்டின்னாரு, ஆட்டின் துருப்புல எட்டு பிடி எடுப்பாராம். நுழைக்கட்டும், அவர் மூக்கு. என் எதிர்ல உக்காந்திருந்த அருமை ஜோடி அதுக்கு என்ன பண்ணுச்சு?... ஆமா, டபுள். நம்ம கணக்குல டபுள்னா என்ன? ஆள் மாட்டிக்கிட்டான், விடாதே, அடி. ஆறு வருஷமா அதானே. நானும் நம்பிப் பாஸ்னேன். கடைசியில பாத்தா உன் கையில இருந்தது ஒரே ஒரு ஆட்டின். அதுவும் வெறும் ரெண்டாம் நம்பர் சீட்டு. யானை பிடிக்கக் கிளம்பினவன் கையில குண்டூசி.

அவரு ஜம்முன்னு எட்டு பிடி பிடிச்சாரு. எழுந்து போறப்ப நமக்கு நன்றி வேற சொன்னாரு...

தாடையைக் கொஞ்சம் இறக்குங்க சார். சிரிக்காதீங்க, ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.

என்னது? டபுளோட அர்த்தத்தை மாத்திட்டோமா? யாரு மாத்தினா?... ஓ, உனக்கு ஆட்டின் இல்லையாம், மத்த மூணும் இருக்காம், நான் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணுமாம். பேஷ். இந்தச் சட்டம் எப்போ நிறைவேறுச்சு?... போன மாசமா? போன்லயா?... நான் என்ன சொன்னேன்?... சரி சரின்னேனா.

அடப்பாவி. அன்னிக்கு ஒரு கைக்குழந்தையை உக்கார வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன். அந்தச் சரி குழந்தைக்குடா... ஆமா... ஆமா, காதுல போட்டுக்கல. தப்பு என்னுதுன்னே வெச்சுக்கோ. இல்லேன்னா மட்டும் விடப்போறியா.

சார், தோளை நேரா... ம்... ம்... தெரியும், சனிக்கிழமை கோப்பை, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஜோடியாப் பேர் குடுக்கணும்... ம்... கண்ணை மூடிட்டீங்க சார், இன்னொண்ணு எடுத்துடலாம்... ம்... தலை சீவிக்கணுமா? சரி, தாராளமா... ஆமா ஆமா... அப்படியே இருங்க... ரொம்ப நல்லது.

ஆச்சு. நீ சொல்லு... என்ன தேங்க்ஸ்? எதுக்கு?... யாரோட?... கோப்பைக்கு நீயும் மருந்துக்கடைக்காரருமா?... அவரே கூப்பிட்டாராக்கும். கூப்பிடாம என்ன, எட்டு பிடி வாங்கித் தந்திருக்கியே... நானா? நான் எப்போடா தாராளமான்னேன்?

...டேய், அது இவருக்கு. தலை சீவறவருக்கு.

மாப்ளே, கேளு. ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். உன் டபுளையே வெச்சுக்கலாம். என்ன அர்த்தம் வேணாலும் வெச்சுக்கோ, எழுதிக் குடு, மனப்பாடம் பண்ணிடறேன்... விளையாடலடா, நிஜமாத்தான். உன்னை விட்டா என் எதிர்ல வந்து உக்கார யாரு இருக்கா... கிளப்லேர்ந்துதான் பேசறியா?... பேரை எழுதிக் குடுத்துட்டியா? இப்பவேவா?... இரு, வெச்சுடாதே... ஹலோ... ஹலோ.

வெச்சுட்டான்.

...ஒண்ணுமில்ல சார். நாளைக்குக் காலையில வாங்க, போட்டோ ரெடியா இருக்கும்... சார், ஒரு நிமிஷம். மணி நாலரைதான் ஆகுது. உங்களுக்குச் சீட்டாட வருமா?