ரத்தக் கொப்பரையில் ஒரு சொம்புத் தண்ணி

அதெல்லாம் ஒரு திகில் படமுங்களா? நீங்களே சொல்லுங்க! ...நல்லா நவுந்து உக்காருங்க, பஸ்ஸு சிங்காநல்லூரு போய்ச் சேர இன்னும் நேரமிருக்குது. 'ரத்தக் கொப்பரை'னு பேரு வெச்சுப்போட்டு, ரத்தத்துக்கு பீட்ரூட்டுச் சாறு! ஈ மொய்க்குதுங்க. செத்துக் கெடக்கறவன் அந்த ஈய ஓட்டறான்!

வில்லன் இருக்கறானே, பெரிய கொடூரனாமா. ஆளுங்களக் கட்டிப்போட்டு ஒவ்வொரு நகமா புடுங்கி ரசிக்கறவன். காங்கேயத்துல எண்ணெய் மில்லு வெச்சிருக்கறான். ஒரு புள்ளையக் கட்டி இழுத்துட்டு வாராங்க... சனமெல்லாம் மூச்சடக்கி உக்காந்திருக்குது... இவன் நகம் புடுங்கற குறட்டக் கீழ வெச்சுப்போட்டு, "வா கண்ணு, மொதல்ல தண்ணி குடி"ன்னு சொம்ப நீட்டறான்!

தேட்டரே உருண்டு சிரிக்குதுங்க. பின்னால ஒருத்தன், "காப்பி இல்லீங்களா?"ன்னு கத்தறான்.

ஆனா ஒண்ணு கேக்கறனுங்க, அதுல சிரிக்க என்ன இருக்குது? வேகாத வெயில்ல ஒரு புள்ள வாசப்படி தாண்டி வருது. ஒரு வாய் தண்ணி குடுக்காம எப்புடிங்க நகத்தப் புடுங்கறது?

...அப்புடிப் பாக்காதீங்க. சரி, சொல்லிர்றேன். டைரக்டரு மதன்குமாரு எம்பட அக்கா பையனுங்க. மில்லும் எம்பட மில்லுதான். வில்லனா நடிக்க வேண்டியவன் கடைசி நேரத்துல வரல. "மாமா, உங்க மீசைக்கு நீங்களே நில்லுங்க"ன்னான். எனக்கும் ஆசைதானுங்க, இல்லேன்னு சொல்லல.

ஒம்பது தடவ எடுத்தான். ஒம்பது தடவையும் கை தன்னால சொம்புக்குப் போயிருச்சு! நடிச்ச புள்ள அக்ஷயா, "அங்கிள், இனி ஒரு வாய்கூட எறங்காது"ன்னு கையெடுத்துக் கும்புட்டுது. வெளிச்சமும் போயிருச்சு, எடுத்ததையே வெச்சுட்டான்.

மூணு வருசம் அந்தப் படத்தக் கட்டிட்டு அழுதானுங்க. மொதக் காட்சி முடிஞ்சு வெளிய வந்து, "எம்பட படத்தக் கொன்னுபோட்டீங்க மாமா"ன்னான். மொத்தப் படத்துலயும் நடந்த ஒரே கொலை அதுதானுங்க. அஞ்சு நாளா போன எடுக்கல. நாந் தூக்கி வளத்த பையன்... எனக்குச் சோறே எறங்கல. அதான் நேர்லயே போறேன். ரெண்டு திட்டட்டும், வாங்கிக்கறேன். ஆனா வாசல்ல போய் நின்னா, ஒரு சொம்புத் தண்ணி குடுப்பானான்னுதானுங்க தெரியல.

ஏனுங்க, வாயப் பொத்திட்டு இப்புடி இருமறீங்க? கண்ணுல தண்ணியா ஊத்துதே! இந்தாங்க பாட்டிலு... மொதல்ல தண்ணி குடிங்க.

அட, குடிக்காம எந்திரிச்சுட்டீங்க? வயித்தப் புடிச்சுட்டு எங்க போறீங்க? சூலூருதானுங்களே வந்திருக்குது! சிங்காநல்லூருக்குல்ல டிக்கெட்டு எடுத்தீங்க...

ஏனுங்க... நீங்களும் படம் பாத்துட்டீங்களா?