இடது பக்கம் ஒதுங்கியவர்

— வழி விட்டேங்க. வேற ஒண்ணும் பண்ணல.

— அதத்தான் கேக்குறேன். யாரு விடச் சொன்னா? இது கம்ப்யூட்டர்ல ஓட்டுற ஆன்லைன் ரேஸ் சார், கீரனூர் ரோடு இல்ல.

— நீங்க வேகமா வந்தீங்க. பின்னாடியிருந்து லைட்டை வேற அடிச்சீங்க...

— லைட் அடிச்சது நான் வாரேன்னு சொல்றதுக்கு. நீங்க ஒதுங்குறதுக்கு இல்ல.

— எனக்கு ரெண்டும் ஒண்ணுதானேங்க.

— ஒண்ணு இல்ல. நான் இடது பக்கமா கடக்க வாரேன், நீங்களும் அதே நேரம் இடது பக்கம் வாரீங்க. எட்டு சுத்து முதல் ஆளா ஓடுனேன். ஒங்க பதினேழாம் நம்பர் கார் ஒரு இடி. பதினோராவதா போய் முடிச்சேன்.

— மன்னிச்சுக்கங்க. இன்னைக்குத்தான் முதல் ரேஸு. நாலு வாரமா தனியா ஓட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன்... நீங்க கூப்பிட்டுப் பேசுறீங்களே, அதுவே பெருசுங்க. குரூப்புல எழுதுறதப் பாத்தா கையெல்லாம் வேர்க்குது.

— என்ன எழுதியிருக்காங்க?

— பதினேழு கார் ஓட்டுதா, மாடு ஓட்டுதான்னு.

— அது நான் எழுதுனது.

— ...ஓ.

— சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒதுங்குனீங்க, புரியுது. கார் ஏன் அப்படி ஆடுச்சு? ரீப்ளேல பாத்தேன், ஸ்டியரிங்க விட்ட மாதிரி இருக்கு.

— ஒரு கைய விட்டேங்க.

— எதுக்கு?

— கை காட்டுறதுக்கு.

— எங்க காட்டுனீங்க?

— வலது பக்கம்... வெளியில நீட்டி, போங்க போங்கன்னு.

— ஒங்க வீட்டுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு?

— ஆமா. செவுத்துல இடிச்சிருச்சு. வெரலு வீங்கியிருக்கு.

— ...

— சிரிக்கிறீங்களா?

— இல்ல. தண்ணி குடிச்சேன். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

— மினி பஸ்ஸு. கீரனூர் குளத்தூர் ரூட்டு. ட்ரைவர்... இப்ப கண்டக்டர்.

— ட்ரைவர்லருந்து கண்டக்டரா? ப்ரமோஷன் நல்லாயிருக்கே.

— அப்படித்தான் வச்சுக்கங்க. பேரு உடையப்பன். ஒங்க பேரு வைஷ்ணவி, மீமிசல்னு லிஸ்ட்டுல பாத்தேன். நம்ம மாவட்டத்துப் பொண்ணு முதல்ல ஓடுதேன்னு சந்தோசமா பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் நானே இடிச்சுட்டேன்.

— உடையப்பண்ணே, விஷயத்துக்கு வாரேன். ரெண்டாவது ரேஸ் இன்னும் அஞ்சு நிமிஷத்துல. நீங்க அதுல ஓடாதீங்க. கோவிச்சுக்காதீங்க. நீங்க கடைசியில ஓடுவீங்க, நான் முன்னாடி ஓடுவேன். ஆறாவது சுத்துலயோ ஏழாவது சுத்துலயோ ஒங்கள விட ஒரு சுத்து கூடுதலா ஓடி ஒங்க பின்னாடி வந்து நிப்பேன். மறுபடி கை நீட்டுனீங்கன்னா எனக்கு இந்த சீசனே போச்சு.

— நியாயம்தான். ஆனா நான் ஓடணும்ங்க.

— அடுத்த ஞாயித்துக்கிழமை ஓடுங்க.

— அது ஆகாது. இன்னைக்கே ஒரு ரேஸ், யார் மேலயும் படாம முடிக்கணும். கடைசியா வந்தாலும் சரி.

— ஏன், இன்னைக்கே?

— வேண்டாங்க. சொன்னா பரிதாபப்பட்டு விட்டுக் குடுப்பீங்க.

— நான் யாருக்கும் பரிதாபப்பட மாட்டேன்.

— அப்ப சொல்லியும் பிரயோஜனம் இல்ல.

— வாயி மட்டும் இருக்கு... சரி, கேளுங்க. என் நல்லதுக்குத்தான் சொல்றேன், ஒங்களுக்காக இல்ல. நீலக் கொடி காட்டுனா என்ன அர்த்தம்?

— ஒதுங்குன்னு.

— இல்ல. பின்னாடி ஒருத்தர் வேகமா வாரார்னு தகவல், அவ்வளவுதான். நீங்க போற தடத்துலயே போங்க. குறுக்க வராதீங்க, திடீர்னு பிரேக் அடிக்காதீங்க, ஒதுங்காதீங்க. எந்தப் பக்கம் கடக்குறதுன்னு நான் பாத்துக்குவேன். நீங்க எங்க இருப்பீங்கன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.

— அப்ப பொறுப்பு யாருது?

— கடந்து போறவங்களுது.

— ...திரும்பச் சொல்லுங்க.

— காது கேக்கலையா?

— கேட்டுச்சு. இன்னொரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு.

— கடந்து போறவங்க பொறுப்பு. எழுதித் தரட்டுமா? அதென்ன அங்க கடகடன்னு சத்தம்?

— தையல் மிஷினுங்க. மச்சான் குவைத்துக்குத் திரும்பும்போது இந்த ஸ்டியரிங் செட்ட விட்டுட்டுப் போனாரு. என் சம்சாரம் செவந்தியோட மிஷின் மேசையிலதான் முடுக்கியிருக்கேன். பிரேக்குன்னு நெனச்சு மிஷின் மிதியில கால வச்சா அது ஓட ஆரம்பிச்சிருது.

— அண்ணே, அந்த மிதிய முதல்ல கயித்தால கட்டுங்க.

— கட்டுறேன். வலது கையையும் கட்டணும் போல.

— துண்டப் போட்டு ஸ்டியரிங்கோட கட்டுங்க, எனக்கென்ன. ஆள் சேந்தாச்சு, பச்சை லைட்டு விழப் போகுது. இனி ஒங்க பின்னாடி வரும்போதுதான் பேசுவேன்.

— சரிங்க... கூப்பிட்டதுக்கு நன்றி.

— அதெல்லாம் முடிச்சுட்டுச் சொல்லுங்க.

*

— உடையப்பண்ணே. ஆறாவது சுத்து. கண்ணாடியில தெரியிறனா?

— தெரியுது. மஞ்சக் காரு.

— கை எங்க இருக்கு?

— ஸ்டியரிங்லதான். வேர்த்து வழுக்குது. கொடி வந்துருச்சுங்க.

— வரட்டும்.

— இடது பக்கம் நல்லா இடம் இருக்கு, லேசா...

— வேண்டாம்.

— கொஞ்சமா...

— நேரா போங்கண்ணே.

— கை தானா திரும்புதுங்க.

— பிடிச்சு வைங்க. இது வளைவு, இங்க நான் கடக்க மாட்டேன்.

— ஒங்களுக்கு லேட்டாகுதே.

— என் லேட்டு என் கவலை. நீங்க ரோட்டப் பாருங்க.

— பாக்குறேங்க.

— இப்ப வலது பக்கம் வாரேன். அப்படியே... அப்படியே...

— நேராத்தான் போறேங்க.

— கடந்துட்டேன். மூச்ச விடுங்க.

— படலையே?

— உரசக்கூட இல்ல.

*

— முடிச்சுட்டேங்க. இருபத்தி ரெண்டு பேருல இருபத்தி ரெண்டாவது. ஒரு கீறல் இல்ல. குரூப்புல யாரோ 'பதினேழு ஒழுங்கா ஓட்டுச்சு'ன்னு போட்டிருக்காங்க.

— அதுவும் நான்தான்.

— ரொம்ப நன்றி தங்கச்சி. வேற யாராவதா இருந்தா என் மேல கம்ப்ளைண்ட் குடுத்திருப்பாங்க. நீங்க அதையும் பண்ணாம, கூப்பிட்டு வச்சு...

— நிறுத்துங்க. குடுத்தேன்.

— என்னது?

— முதல் ரேஸ் முடிஞ்ச ரெண்டாவது நிமிஷமே குடுத்தேன், ஒங்களத் தூக்கச் சொல்லி. நடுவர் ரீப்ளே பாத்துட்டு, கடந்து போறவ நீதான், பொறுத்துப் போயிருக்கணும்னு எனக்கு அடுத்த ரேஸ்ல அஞ்சு செகண்ட் தண்டனை போட்டுட்டார். அந்தக் கடுப்புலதான் ஒங்களக் கூப்பிட்டேன். இப்ப முதல்ல வந்தும் அந்த அஞ்சக் கூட்டி மூணாவது. அதனால நன்றியெல்லாம் வேண்டாம்.

— அப்ப... அது முழுசா என் தப்பு இல்லையா?

— பாதி. கை நீட்டுனது மட்டும் முழுசா ஒங்க தப்பு.

— பாதி போதுங்க. பாதியத் தாங்கிக்கிறலாம்.

— நீங்க நேரா போனதாலதான் மூணாவதாவது வந்தேன். அதுக்கு... சரி, அதுக்கு நன்றி. இப்பவாச்சும் சொல்லுங்கண்ணே. ஏன் இன்னைக்கே முடிக்கணும்னு நின்னீங்க?

— நாளைக்குக் காலையில ஆறு இருபது வண்டிய நான் எடுக்குறேன்னு மொதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். ஸ்டியரிங்க விட்டு ஏழு மாசம் ஆச்சுங்க. அன்னைக்கு மெயின் ரோட்டுல பஸ் ஓட்டும்போது பின்னாடி ஒரு கார்காரன் விடாம ஹாரன் அடிச்சான். கையக் காட்டிட்டு இடது பக்கம் ஒதுங்குனேன். அங்க ஆண்டியப்பன்னு ஒருத்தர் டூவீலர்ல வந்துக்கிட்டிருந்தார். பொழைச்சுட்டாரு. கால்ல கம்பி வச்சிருக்கு, இப்ப தெனமும் எங்க பஸ்ஸுலதான் வேலைக்குப் போறாரு. எங்கிட்டதான் டிக்கெட் வாங்குவாரு, ஒரு வார்த்த பேச மாட்டாரு. போன வெள்ளிக்கிழமை பேசுனாரு. 'நீ எடு, நான் முன் சீட்டுல ஒக்காந்துக்கிறேன்'னாரு. அவரு பக்கத்துல ஒக்காந்திருக்கும்போது, எவன் ஹாரன் அடிச்சாலும் நான் நேரா போகணும்ல.