மாதிரிப் பதில்

— உன் லேப்டாப்பை மூடுடா மூஞ்சூறு, லேப் ஆப்ல என் ரிப்போர்ட் வந்தாச்சு, கேளு. ‘கட்டி எதுவும் இல்லை. பயப்பட வேண்டாம்.’ எந்த லேப்காரன்டா இவ்வளவு அன்பா எழுதுவான்?

— இன்னொரு தடவை படி அக்கா.

— பத்து தடவை படிச்சாச்சு. உன் மாமா ஃபோன்லயே அழுதுட்டார். நாளைக்குப் போட்டிருந்த லீவையும் வாபஸ் வாங்கிட்டேன். இனிமே எதுக்கு டாக்டர்? என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?

— அது லேப் எழுதினது இல்ல. நான் எழுதினது.

— நீயா? நீ எப்படா டாக்டரானே?

— விளையாடாதே அக்கா. அந்த லேப்போட ஆப் எங்க ஆபீஸ் வேலைதானே? ஆப்ல கேக்கிறது கேட்வேன்னு ஒரு வாசல் வழியாத்தான் லேப்புக்குப் போகும், பதிலும் அப்படித்தான் வரும். டெஸ்ட் பண்றதுக்காக அதே மாதிரி ஒரு பொம்மை கேட்வே கிளவுட்ல வெச்சிருக்கேன். எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் போகணும்னு ஒரு ஃபைல் இருக்கும். அதைப் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதி உள்ள ஏத்தினேன். மாதிரிப் பதில் காலியா இருக்குன்னு கேட்வே அதை ஏத்துக்காம அடம் பிடிச்சுது. சரி தொலையட்டும்னு நானே ஒரு வரி அடிச்சேன்.

— அந்த வரியா இது?

— நேத்து புது ஆப் வெளிய போச்சு. பொம்மையோட அட்ரஸை மாத்தாமலே போயிடுச்சு போல. மாமா ஃபோன் நம்பரைப் போட்டுப் பாரு.

— ‘கட்டி எதுவும்...’ அடப்பாவி, அவர் டெஸ்டே எடுக்கலையே!

— வெறும் ஒன்பதா அடி.

— அதுக்கும் கட்டி இல்லையாம். டேய், நேத்திலேர்ந்து எத்தனை பேர்டா பாத்திருப்பாங்க?

— அறுநூறுக்கு மேலன்னு இங்க காட்டுது. இப்பவே ஆபீஸுக்கு எழுதிட்டேன், ஆப்பை நிறுத்தறாங்க. நீ முதல்ல உக்காரு.

— நான் உக்கார்றது இருக்கட்டும். நிஜ கேட்வே உனக்குத் திறக்கும்ல? என் நம்பரைப் போடு.

— அடுத்தவங்க ரிப்போர்ட்டை நான் பாக்கக் கூடாது அக்கா.

— நான் அடுத்தவளாடா? போடுன்னா போடு.

— ...வருது.

— படி. முழுங்காம படி.

— ‘நாளைக் காலை கட்டாயம் நேரில் வரவும். துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.’

— அவ்வளவுதானா? நல்லா கீழ வரைக்கும் பாருடா... பயப்பட வேண்டாம்னு போடலையா?